பதிவில் இருக்கட்டும்

லண்டன் கிங்ஸ் கிராஸில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கேம்பிரிட்ஜ் வந்துவிடுகிறது. ரயில் நிலையம் ஊரின் ஓரத்தில் இருப்பதால் பழைய கல்லூரிகளைப் பார்க்க வருபவர்கள் இன்னும் ஒரு மைலுக்கு மேல் நடக்க வேண்டும். கடைகளும் சைக்கிள்களும் நெருக்கும் தெருக்களைக் கடந்து டிரினிட்டி தெருவுக்குள் வந்தால் டிரினிட்டி கல்லூரியின் பெருவாயில் எதிர்ப்படுகிறது. 1546-இல் கல்லூரியை நிறுவிய எட்டாம் ஹென்றியின் சிலை அதன் முகப்பில் நிற்கிறது. செங்கோல் இருக்க வேண்டிய கையில் ஒரு நாற்காலிக் கால் இருக்கிறது. பக்கத்துப் புல்தரையில் நியூட்டன் வீட்டு ஆப்பிள் மரத்தின் வழிவந்த ஒரு மரம். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் இரண்டு பெயர்களுக்காக இங்கே நிற்கிறார்கள்: நியூட்டன், ராமானுஜன். இந்தக் கல்லூரியைத் தேடி வர மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு என்பது என் எண்ணம். இங்கே நடந்த சண்டைகள்தான் அந்தக் காரணம். தலைவரோடும் ஆட்சிக்குழுவோடும் மோதிய ஆசிரியர்கள் எழுதிய விண்ணப்பங்கள், எதிர்மனுக்கள், கையெழுத்திட்ட கடிதங்கள் ஆகியவற்றைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால் நம் நாட்டுக் கல்லூரிகளுக்கும் உதவக்கூடிய ஒரு கேள்விக்கு விடை கிடைக்கிறது. கற்றவர்கள் கூடி ஆளும் ஓர் அமைப்பு, தான் செய்த தவற்றை எப்படித் திருத்திக்கொள்கிறது?

பொதுவாகச் சொல்லப்படும் விடைகள் இரண்டு: நல்ல சட்டவிதிகள் இருந்தால் போதும், நல்ல தலைவர் வாய்த்தால் போதும். டிரினிட்டியின் வரலாறு இரண்டையும் ஒப்பவில்லை. அங்கே மிக விரிவான விதிகள் இருந்தும் முப்பது ஆண்டு வழக்கு நடந்தது. மிகப் பெரிய அறிஞர் தலைவராக இருந்தபோதுதான் அது நடந்தது. கல்லூரியைக் காப்பாற்றியதாக நான் காண்பது வேறொன்று. வாக்கெடுப்பில் தோற்றவர்கள் தங்கள் மறுப்பை எழுதி அந்தக் கல்லூரியிடமே கொடுப்பதும், வென்றவர்கள் அந்தத் தாளைக் கிழிக்காமல் வைத்திருப்பதும் சேர்ந்த ஒரு பழக்கம் அது. இதை விளங்கிக்கொள்ள அங்குள்ள ஆட்சிமுறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்லூரியின் தலைவருக்கு மாஸ்டர் என்று பெயர். அவரை அரசர் நியமிப்பது மரபு. ஃபெலோக்கள் எனப்படும் அறிஞர்கள் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள் மட்டுமல்லர், கல்லூரியின் சொத்துக்கும் நிர்வாகத்துக்கும் பங்காளிகள். ஆகவே அங்கே ஆசிரியர் சச்சரவு என்பது முதலாளி தொழிலாளி தகராறு போன்றதன்று. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அண்ணன் தம்பிகள் பாகத்துக்கு வழக்காடுவதைப் போன்றது.

அந்த வழக்கின் நாயகர் ரிச்சர்ட் பென்ட்லி. கிரேக்க, லத்தீன் நூல்களின் பாடபேதங்களை ஆராய்வதில் ஐரோப்பாவிலேயே அவருக்கு நிகரில்லை என்று பெயர் பெற்றவர். 1700-இல் மாஸ்டராக வந்தார். பெருவாயிலின் மேல்மாடத்தில் ரோஜர் கோட்ஸுக்காக ஒரு வானாய்வுக்கூடம் எழுப்ப ஏற்பாடு செய்தவர் அவரே. விகானி என்ற வேதியியலாளருக்கு ஆய்வுக்கூடம் அமைத்ததும், நியூட்டனின் பிரின்சிபியா 1713-இல் இரண்டாம் பதிப்புக் காணத் தூண்டுகோலாக இருந்ததும் அவருடைய பணிகள். அதே மனிதர் தம் இல்லத்தைப் புதுப்பிக்கக் கல்லூரிப் பணத்தைத் தாராளமாகச் செலவிட்டார், ஃபெலோக்களுக்குச் சேர வேண்டிய வருவாய்ப் பங்கைப் பிரிக்கும் முறையைத் தமக்கு ஆதாயமாக மாற்ற முயன்றார், எதிர்த்தவர்களை மிரட்டினார். ஃபெலோக்களுள் வழக்கறிஞராக இருந்த எட்மண்ட் மில்லர் முன்னிற்க, 1710 பிப்ரவரியில் அவர்கள் ஈலி மறைமாவட்ட ஆயர் ஜான் மூருக்கு விண்ணப்பம் எழுதினார்கள். அந்த ஆண்டு ஜூலையில் அது 54 குற்றச்சாட்டுகளாக விரிந்தது. பென்ட்லியும் சும்மா இருக்கவில்லை. அதே ஆயருக்கு முகவரியிட்டு ஒரு நீண்ட கடிதத்தை அச்சிட்டு வெளியிட்டார். ஆயருக்கு விசாரிக்கும் அதிகாரமே கிடையாது, அந்த அதிகாரம் அரசருக்கு மட்டுமே என்பது அவருடைய வாதம். எலிசபெத் அரசி காலத்து விதிகளின் நாற்பதாம் பிரிவைப் பிடித்துக்கொண்டு இரு தரப்பும் பல ஆண்டுகள் மல்லுக்கு நின்றன.

முடிவு என்ன ஆயிற்று? 1714 மே மாதம் விசாரணை தொடங்கியது. தீர்ப்புச் சொல்லும் முன்பே, ஜூலை 31 அன்று, ஆயர் மூர் இறந்துபோனார். அவருடைய தாள்களுக்கிடையே பென்ட்லியைப் பதவி நீக்கும் தீர்ப்பின் வரைவு கிடைத்தது. கையெழுத்தில்லாத வரைவுக்கு மதிப்பேது? மறுநாள் ஆன் அரசியும் காலமானார். மில்லர் பின்னாளில் மாஸ்டரோடு சமரசம் செய்துகொண்டு விலகினார். ஜான் கோல்பாட்ச் என்ற ஃபெலோ மட்டும் கடைசிவரை விடவில்லை. 64 குற்றச்சாட்டுகளோடு இரண்டாவது விசாரணை நடந்து, 1734 ஏப்ரலில் ஆயர் கிரீன் பதவி நீக்கத் தீர்ப்பே வழங்கினார். அப்போதும் பென்ட்லி நகரவில்லை. தீர்ப்பை நிறைவேற்ற வேண்டியவர் துணை மாஸ்டர் என்கிறது விதி. அந்தப் பொறுப்பில் புதிதாக அமர்ந்த ரிச்சர்ட் வாக்கர், மாஸ்டரின் நம்பிக்கைக்குரியவர். அவர் நிறைவேற்ற மறுத்தார். பென்ட்லி 1742-இல் எண்பதாம் வயதில் மாஸ்டராகவே இறந்தார். விதி எவ்வளவு நுணுக்கமாக எழுதப்பட்டிருந்தாலும் அதைச் செயல்படுத்தும் ஒரு கை வேண்டும். அந்தக் கை மறுத்துவிட்டால் தீர்ப்பு வெறும் காகிதம். நல்ல விதிகள் போதும் என்போருக்கு இந்த ஒரு வழக்கே மறுமொழி.

இந்தக் கடிதங்கள் ஏன் பயன் தரவில்லை என்று யோசித்தால், அவை யாருக்கு எழுதப்பட்டன என்பது கண்ணில் படுகிறது. எல்லாமே வெளியே பார்த்து எழுதப்பட்டவை. ஆயருக்கு, அரசிக்கு, அமைச்சர்களுக்கு, நீதிமன்றத்துக்கு. தங்களுக்குள் பேசி முடிக்கலாம் என்ற நம்பிக்கை முதல் வரியிலேயே கைவிடப்பட்டிருந்தது. எதிராளியை இணங்க வைப்பது அவற்றின் நோக்கமாக இல்லை; அவரை அப்புறப்படுத்த வல்ல ஓர் அதிகாரத்தைக் கூட்டி வருவதே நோக்கம். வெளியார் உதவி எப்போதும் வீண் என்கிறாயா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஏனென்றால் இதே பென்ட்லிக்கு வெளியிலிருந்து ஒரு நீதி கிடைத்தது. பட்டம் பெற்ற இறையியலாளர்களிடம் ஆளுக்கு நான்கு கினி கட்டணம் வாங்கிய விவகாரத்தில், 1718 அக்டோபரில் பல்கலைக்கழகம் அவருடைய பட்டங்களைப் பறித்தது. அவரை அழைத்து விளக்கம் கேட்கவில்லை. 1723-இல் அரச நீதிமன்றம் அந்த முடிவு செல்லாது என்றது. ஏதேன் தோட்டத்தில் ஆதாமைத் தண்டிக்கும் முன் கடவுளே அவனைக் கூப்பிட்டு அவன் பக்கத்தைக் கேட்டார் என்று நீதிபதி ஃபோர்ட்டெஸ்க்யூ அந்த வழக்கில் சொன்னதை, இயற்கை நீதிக்குச் சான்றாக இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும் எடுத்தாள்கின்றன. ஆனால் அந்த நீதிமன்றம் செய்தது என்ன? கட்டணம் சரியா, பென்ட்லி நல்லவரா என்று அது முடிவு கட்டவில்லை. அவரைக் கேட்காமல் பறித்த பட்டங்களைத் திருப்பிக் கொடுங்கள் என்று பல்கலைக்கழகத்துக்கு உத்தரவிட்டது. வெளி அதிகாரம் உருப்படியாகச் செய்யக்கூடியது அவ்வளவே. கேட்கும் காது உள்ளேதான் இருக்க வேண்டும்.

இங்கே இன்னொரு தடை எழும். பென்ட்லி சீர்திருத்தக்காரர், படிப்பில் அக்கறையற்றுச் சுகமாக வாழ்ந்த ஃபெலோக்கள் அவரைத் தடுக்கத்தான் இத்தனை மனுக்கள் எழுதினார்கள், மறுப்புக் கடிதங்களுக்கு மரியாதை தந்தால் எந்தச் சீர்திருத்தமும் நடக்காது என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. பெருவாயிலைத் தாண்டிப் பெரிய முற்றத்துக்குள் நுழைந்தால் வலப்புறம் தேவாலயம். அதை அழகுபடுத்தியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. அவர் உடல் புதைக்கப்பட்டதும் அங்கேதான். அவர் கட்டியது கல்லூரிக்கு நன்மை. ஆனால் அவர் வளர்த்த விஞ்ஞானத்தை ஃபெலோக்கள் எதிர்க்கவில்லை. அவர்களுடைய குற்றச்சாட்டுகளின் மையம் பணமும் அதிகாரமும். கலந்து பேசாமல் செலவு செய்வது, கணக்குக் கேட்டால் மிரட்டுவது ஆகியவற்றைச் சீர்திருத்தத்தின் விலை என்று ஏற்க நான் தயாராக இல்லை. வானாய்வுக்கூடத்துக்கும் மாளிகைப் படிக்கட்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல ஒருவருக்கும் இடம் இல்லாதபோது, நல்ல செலவும் கெட்ட செலவும் ஒரே சந்தேகத்தின் கீழ் வருகின்றன. பென்ட்லியின் நல்ல பணிகளுக்கும் அந்த முப்பது ஆண்டுக் கசப்பில் ஊறு நேர்ந்தது. மறுப்பைக் கேட்டிருந்தால் அவர் கட்டியவை இன்னும் உறுதியாக நின்றிருக்கும் என்றே நினைக்கிறேன்.

பெரிய முற்றத்தின் மேற்கே, உணவுக்கூடத்தைக் கடந்தால் நெவில் முற்றம். இரு பக்கமும் தூண் வரிசை. இன்னொரு பக்கத்தை அடைத்துக்கொண்டு ரென் நூலகம். 1914 ஆகஸ்டில் இந்தத் தூண் வரிசைகளுக்குள் ராணுவ மருத்துவமனையின் கட்டில்கள் போடப்பட்டன. இதே முற்றத்தில்தான் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் அறையும் இருந்தது. அவர் அப்போது தர்க்கம், கணிதத் தத்துவம் ஆகியவற்றின் விரிவுரையாளர். போரை வெளிப்படையாக எதிர்த்தவர். மனசாட்சியின் பேரில் ராணுவச் சேவையை மறுத்த ஓர் இளைஞருக்கு இரண்டு ஆண்டு கடுங்காவல் விதிக்கப்பட்டதைக் கண்டித்து 1916-இல் ஒரு துண்டறிக்கை வந்தது. அதை விநியோகித்தவர்கள் சிறைக்குப் போனார்கள். எழுதியவன் நான், வழக்குப் போடுவதானால் என்மீது போடுங்கள் என்று டைம்ஸ் நாளிதழுக்கு ரஸ்ஸல் கடிதம் எழுதினார். ஜூன் 5 அன்று நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவருக்கு 100 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது, மேல்முறையீடும் தோற்றது. ஜூலை 11 அன்று டிரினிட்டியின் ஆட்சிக்குழு கூடி, தண்டனை பெற்றதையும் மேல்முறையீட்டில் அது உறுதியானதையும் காரணம் காட்டி, அவரை விரிவுரையாளர் பதவியிலிருந்து நீக்கியது. ரஸ்ஸலுக்கு ஆசிரியராகவும் நண்பராகவும் இருந்த மக்டகார்ட்டும் அந்தக் குழுவில் இருந்தார். நம் ஊர் மினிட்ஸ் புத்தகங்களில் பக்கத்துக்குப் பக்கம் வரும் சொல்லால் சொல்வதானால், தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

ஏகமனம் என்பது எங்கிருந்து வந்தது? இளைய ஃபெலோக்கள் பலர் போர்ப் பணிகளுக்காக ஊரை விட்டுப் போயிருந்தார்கள். குழுவில் மூத்தோரின் கை ஓங்கியிருந்தது. குழுவின் ஒருமித்த குரல் கல்லூரியின் ஒருமித்த குரலாக இல்லை என்பதைக் காட்ட 22 ஃபெலோக்கள் மாஸ்டருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். கணித மேதை ஜி. எச். ஹார்டி அவர்களில் ஒருவர். கடிதம் மிகச் சிறியது. போர் நடக்கும் காலத்தில் எந்த நடவடிக்கையும் எடுக்கப்போவதில்லை. ஆனால் ரஸ்ஸலின் பதவியைப் பறித்ததில் எங்களுக்கு நிறைவில்லை என்பது பதிவில் இருக்கட்டும் என்பதே அதன் சாரம். ரஸ்ஸலின் போர் எதிர்ப்போடு உடன்படாதவர்களும் அதில் ஒப்பமிட்டார்கள். அவருடைய கருத்து சரியா என்று கடிதம் பேசாததால்தான் அவர்களால் அதில் சேர முடிந்தது. போர் முடிந்ததும் 1919 இறுதியில் ஃபெலோக்கள் அவரைத் திரும்ப அழைக்கும்படி மீண்டும் எழுதினார்கள். குழு இணங்கியது; ரஸ்ஸலும் ஏற்றார். பிறகு சீனா செல்ல விடுப்புக் கேட்டு, பாடம் நடத்தாமலே பதவி விலகிவிட்டது வேறு கதை. 1926-இல் அவர் டிரினிட்டியில் டார்னர் சொற்பொழிவுகள் ஆற்றினார். 1944-இல் ஃபெலோவாகவே திரும்பினார். நடந்ததைப் பற்றித் திரிந்த கதைகள் பரவுவதைக் கண்ட ஹார்டி, தீர்மானங்களையும் கடிதங்களையும் திரட்டி 1942-இல் ஒரு சிறு நூலாக அச்சிட்டு நண்பர்களுக்குக் கொடுத்தார். ஒரு தரப்பில் நின்று போராடியவர், எதிர்த்தரப்பின் காரணங்களையும் பொறுமையாக எடைபோட்டு எழுதிய நூல் அது.

அந்த 22 பேரின் கடிதத்தைக் கோழைத்தனம் என்று சொல்லத் தோன்றும். ஒரு மனிதன் வேலையை இழந்து நிற்கும்போது, எதுவும் செய்ய மாட்டோம், பதிவு மட்டும் செய்கிறோம் என்பதற்கு என்ன பொருள்? அவர்கள் கூண்டோடு விலகியிருக்க வேண்டாமா? இந்தக் கேள்வியின் சூட்டை நான் உணர்கிறேன். மூன்று ஆண்டுகள் அந்தத் தாள் ரஸ்ஸலுக்கு ஒரு பவுண்டுகூடப் பெற்றுத் தரவில்லை. இருந்தும் அவர்கள் செய்தது சரி என்று கருதுகிறேன். விலகியிருந்தால் அவர்களும் பென்ட்லியின் எதிரிகளைப் போல வெளியே நின்று குரல் கொடுப்பவர்களாகியிருப்பார்கள். 1919-இல் உள்ளே இருந்து கையெழுத்திட ஆள் இருந்திருக்காது. அந்தக் கடிதம் உள்ளே பார்த்து எழுதப்பட்டது. தவறு செய்தவர்களோடு நாளையும் ஒரே மேசையில் அமர்ந்து உண்ண வேண்டும் என்பதை அறிந்து எழுதப்பட்டது. அதனால் ஏகமனம் என்ற சொல் கல்லூரியின் கடைசிச் சொல்லாக நிலைக்கவில்லை. திருத்தம் வந்தபோது யாரும் புதிதாகக் கட்சி மாற வேண்டியிருக்கவில்லை. முன்பே எழுதி வைத்ததை எடுத்துத் தொடர்ந்தார்கள்.

பெருவாயிலுக்கு வெளியே வந்து தெருவைக் கடந்தால் ஹியூவெல் முற்றம். சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராக இருந்த ராமானுஜன், 1914-இல் இங்கிலாந்து வந்தபின் இதில் குடியிருந்தார். ரஸ்ஸல் விவகாரம் வெடித்தபோது அவர் இங்கேதான் இருந்தார். 1916 மார்ச்சில்தான் ஆய்வுப் பட்டம் பெற்றிருந்தார். 1917-இல் அவரை ஃபெலோ ஆக்க ஹார்டி செய்த முயற்சி தோற்றது. ரஸ்ஸலுக்காக வாதாடியதால் ஹார்டிமீது கல்லூரிக்குள் இருந்த கசப்பும் அதற்கு ஒரு காரணம் என்று ராமானுஜன் வரலாற்றை ஆராய்ந்தோர் கருதுகிறார்கள். அடுத்த ஆண்டு ஹார்டியின் சக கணிதவியலாளர் லிட்டில்வுட் அந்த முயற்சிக்குப் பொறுப்பெடுத்தார். கறுப்பர் ஒருவர் ஃபெலோவாவதை ஏற்க மாட்டேன் என்று ஒருவர் வெளிப்படையாகவே சொன்னதாக லிட்டில்வுட் பின்னாளில் நினைவுகூர்ந்தார். தேர்வுக் கூட்டத்தின்போது லிட்டில்வுட்டுக்கு உடல்நலமில்லை. தம் வாதங்களை எழுதி அனுப்பினார். அதைக் கூட்டத்தில் படித்தவர் ஹெர்மன். அவர் இந்தத் தேர்வை எதிர்த்தவர். ஆனாலும் எதிர்த்தரப்பின் தாளை நேர்மையாகப் படித்துக் காட்டினார். அதற்குள் ராயல் சொசைட்டியும் ராமானுஜனை உறுப்பினராக்கியிருந்தது. 1918 அக்டோபரில் டிரினிட்டியின் முதல் இந்திய ஃபெலோவாக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த வெற்றியில் ராயல் சொசைட்டியின் பெயருக்கு இருந்த கனத்தை நான் குறைக்கவில்லை. ஆனால் கும்பகோணத்துப் பிள்ளை ஒருவரின் மதிப்பு அன்று அந்த அறைக்குள் ஒலித்தது, அவருக்கு எதிராக வாக்களிக்க நினைத்த ஒருவரின் குரலில். வாக்கில் எதிர்க்கலாம், வாதத்தை மறைக்கக் கூடாது என்ற ஒழுக்கம் அது. இங்கே விதியும் தலைவரும் செய்ததைவிட அந்த ஒழுக்கம் செய்தது பெரிது.

இதையெல்லாம் சொன்ன பிறகும் ஒரு மறுப்பு மிஞ்சுகிறது. அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. இந்தக் கடிதங்கள் யாருடையவை? மேசையில் இடம் பெற்றவர்களுடையவை. அறைகளைப் பெருக்கிய பெண்களும் உணவு பரிமாறிய ஊழியர்களும் மாஸ்டருக்கு எழுதி, அதற்குப் பதில் பெற்று, அந்தத் தாள் காக்கப்படும் நிலையில் இருக்கவில்லை. பெண்களுக்குக் கேம்பிரிட்ஜ் முழுப் பட்டம் தந்தது 1948-இல்தான். டிரினிட்டி இளநிலை மாணவியரைச் சேர்த்தது 1978-இல். ராமானுஜனைப் பற்றி நிறவெறியோடு பேசியவரின் சொல்லும் அன்றைய குறிப்புகளின் வழியாக நமக்கு வரவில்லை, லிட்டில்வுட்டின் நினைவு வழியாகவே வந்தது. மேசை எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் ஆவணக் காப்பகமும் அகலம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இதிலிருந்து, மறுப்பைப் பதியும் பழக்கமே மேட்டுக்குடி வழக்கம், அதை விட்டுவிடலாம் என்ற முடிவுக்குப் போக முடியாது. பதிவில் இடம் இல்லாததால் நேர்ந்த இழப்பு, பதிவு எவ்வளவு தேவை என்பதையே காட்டுகிறது. மேசையை அகலமாக்கும் போராட்டமும் மேசையில் பேசியதைக் காக்கும் பழக்கமும் ஒன்றுக்கொன்று பகையாக இருக்க வேண்டியதில்லை.

ரென் நூலகத்தில் நடையை முடிப்பது பொருத்தம். 1695-இல் கட்டி முடிந்த அந்த நீண்ட கூடத்தில் கறுப்பும் வெள்ளையுமான பளிங்குத் தரை, உயர்ந்த சாளரங்கள், அவற்றின் கீழே புத்தக அடுக்குகள், கிரின்லிங் கிப்பன்ஸ் செதுக்கிய மரப்பூக்கள். ராமானுஜன் கடைசி நாட்களில் எழுதிய தாள்கள் பலர் கை மாறி, 1968 டிசம்பரில் இந்த நூலகத்துக்கு வந்தன. 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டு சொல்லும்வரை அவற்றின் அருமையை உலகம் அறியவில்லை. ஆனாலும் யாரும் அவற்றைக் குப்பையில் போடவில்லை. மறுப்புக் கடிதத்தின் நிலையும் இதுவே. எழுதிய அன்று அதனால் ஒன்றும் நடப்பதில்லை. மூன்று ஆண்டு கழித்தோ முப்பது ஆண்டு கழித்தோ ஒருவர் அதைத் தேடி வருவார் என்ற நம்பிக்கையில் வைத்திருக்க வேண்டும். நம் கல்லூரிகளின் ஆட்சிமன்றங்களில் ஏகமனதாக என்ற சொல்லை எழுதும் கை, எழுதும் முன் ஒரு கணம் நின்று அறையைச் சுற்றிப் பார்க்கட்டும். உடன்படாத ஒருவர் இருந்தால் அவர் பெயரையும் அவர் சொன்ன காரணத்தையும் அடுத்த வரியில் எழுதட்டும். அன்றைய தீர்மானம் அதனால் மாறிவிடாது. என்றோ ஒருநாள் அதைத் திருத்த வேண்டி வந்தால், எங்கிருந்து தொடங்குவது என்று அந்த வரி காட்டும்.